எஃகை உருக்கிய வாயு - அசிட்டிலீன் வந்த கதை

வீட்டிலேயே சின்னச் சின்ன இரும்பு வேலை செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம், டார்ச்சுக்கு எந்த கேஸ் வாங்குவது என்பதுதான். (டார்ச் என்றதும் எவரெடி டார்ச் ஞாபகம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள், அதுவும் இந்தக் கதையில் வருகிறது.)

கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் சுலபம் போலத் தெரியும். ஒரு கன மீட்டர் புரொப்பேன் வாயுவை முழுதாக எரித்தால் ஏறக்குறைய 93 மெகாஜூல் வெப்பம் கிடைக்கிறது. அதே அளவு அசிட்டிலீனில் கிடைப்பது 55 மெகாஜூல்தான். புரொப்பேன் விலையும் குறைவு, சிலிண்டரில் வைத்திருப்பதும் எளிது. அப்படியானால் புரொப்பேன்தானே வாங்க வேண்டும்? ஆனால் எஃகை எஃகோடு உருக்கி ஒட்டுகிற கேஸ் வெல்டிங் என்று வந்துவிட்டால், நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க அசிட்டிலீனைத்தான் கையில் எடுக்கிறார்கள். அதுவும் எப்படிப்பட்ட வாயு? பலரைக் கொன்ற வாயு, அதை அடக்க வந்த ஒருவரின் கண்ணைப் பறித்த வாயு. இவ்வளவு தொல்லை கொடுத்ததை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தேடிப் படித்தபோது கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். பிரேசிங் என்றால் இரும்பை உருக்காமல், பழுக்கச் சூடாக்கி, இடையில் பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி ஓடவிட்டு ஒட்டுவது. பட்டறைகளில் வெங்காரம் தூவிப் பித்தளைக் கம்பி வைத்துப் பற்ற வைப்பார்களே, அதுதான். இதற்கு இரும்பு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானால் போதும், வெள்ளிக் கலவை என்றால் 650, 700 டிகிரியே போதும். வெல்டிங் அப்படியில்லை. இரண்டு பக்க இரும்பும் உருகி ஒன்றாகக் கலக்க வேண்டும். சாதாரண எஃகு உருக 1500 டிகிரி பக்கம் ஆகும். இந்த இடைவெளியில்தான் கதை முழுவதும் இருக்கிறது.

ஆக்சிஜனை ஊதி எரிக்கும் டார்ச் முதலில் அசிட்டிலீனுக்காக வந்ததல்ல. 1801இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் ஹேர் என்ற இளைஞர் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து எரிக்கும் ஊதுகுழலைச் செய்தார். வயது 20தான்! அப்பா பீர் காய்ச்சுகிறவர், அதனால் வாயுக்களைப் பிடித்து வைக்க மகன் ஒரு பீப்பாயையே பயன்படுத்தினார். அந்தச் சுடரில் பிளாட்டினமே உருகியது. பிளாட்டினம் உருகினால் இரும்பும் உருகுமே, அப்போதே வெல்டிங் வந்திருக்க வேண்டாமா?

வரவில்லை. ஹைட்ரஜனுக்குச் சரிபாதி ஆக்சிஜன் கொடுத்தால் சுடர் 2800 டிகிரி வரை போகும், ஆனால் அந்தச் சுடர் உருகிய இரும்பையும் துரு ஏற்றிக் கெடுத்துவிடும். இரும்பைக் காப்பாற்ற ஹைட்ரஜனை அதிகமாக்கினால் சூடு குறைந்துவிடும். இன்னொரு சங்கடம், ஹைட்ரஜன் சுடருக்குக் கண்ணுக்குத் தெரியும்படி நிறமே இல்லை. கலவை சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஹைட்ரஜன் டார்ச் ஈயத் தகடுகளை ஒட்டுவது, பிளாட்டினம் உருக்குவது போன்ற வேலைகளோடு நின்றது.

அசிட்டிலீனை முதலில் பார்த்தவர் எட்மண்ட் டேவி, 1836இல். பிரபலமான ஹம்ஃப்ரி டேவியின் உறவினர். பொட்டாசியம் தயாரிக்கப் போய், மிச்சமான கறுப்புப் பொருளைத் தண்ணீரில் போட்டபோது வந்த வாயு இது. 1860இல் பிரான்ஸில் பெர்த்தெலோ இதை மறுபடி தயாரித்து அசிட்டிலீன் என்று பெயர் வைத்தார். 1862இல் ஜெர்மனியின் வோலர் கால்சியம் கார்பைடு செய்து, அதில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வரும் என்று கண்டார். ஆனாலும் அடுத்த 30 வருடம் அது ஆய்வுக்கூடத்து வேடிக்கையாகவே கிடந்தது, ஏனென்றால் கார்பைடு செய்வது அவ்வளவு கஷ்டம்.

அதை மூட்டை மூட்டையாகச் செய்ய வைத்தது ஒரு தோல்வி. தாமஸ் வில்சன் என்ற கனடாக்காரர், வட கரோலினாவில் ஸ்பிரே என்ற ஊரில் ஜேம்ஸ் மோர்ஹெட் என்பவரோடு சேர்ந்து, ஆற்று நீரின் சக்தியில் ஓடும் மின் உலை ஒன்றை வைத்திருந்தார். நோக்கம் அலுமினியம் மலிவாகச் செய்வது. அதற்குக் கால்சியம் வேண்டும் என்று, 1892 மே மாதம் சுண்ணாம்பையும் தாரையும் கலந்து உலையில் போட்டார். வந்தது கறுப்பான, உடையக்கூடிய ஒரு கட்டி. தண்ணீரில் போட்டால் பொங்கி வாயு வந்தது. கால்சியமாக இருந்தால் ஹைட்ரஜன் வர வேண்டும், அது புகையில்லாமல் எரியும். பற்ற வைத்துப் பார்த்தால் இதுவோ பளிச்சென்ற வெளிச்சத்தோடு, கரும்புகை கக்கி எரிந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வெனபிள் இதை ஆராய்ந்தார். கட்டி கால்சியம் கார்பைடு, வாயு அசிட்டிலீன். அதே வருடம் பாரிஸில் மோய்சானும் தன் மின் உலையில் தனியாகக் கார்பைடு செய்துவிட்டார்.

கார்பைடு என்றால் புரியாதவர்களுக்கு... மாம்பழத்தைக் கல் வைத்துப் பழுக்க வைத்தார்கள் என்று சொல்கிறோமே, அந்தக் கல்தான். காற்றிலும் பழத்திலும் உள்ள ஈரம் பட்டு அதிலிருந்து அசிட்டிலீன் கசிகிறது, அதுதான் பழத்தின் நிறத்தை மாற்றுகிறது. பூண்டு வாசனை போல வருவது அசிட்டிலீனுடையது அல்ல, கல்லில் கலந்திருக்கும் அசுத்தத்தால் வரும் பாஸ்பீன் என்ற விஷ வாயுவுடையது. இந்தியாவில் பழத்துக்கு இந்தக் கல்லைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது, தடை எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரிந்ததே.

வில்சனின் காப்புரிமைகளை வைத்து 1898இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கம்பெனியின் பெயர் யூனியன் கார்பைடு. ஆமாம், 1984இல் போபாலில் அவ்வளவு பேரைக் கொன்ற அதே பெயர். அந்தப் பெயரில் உள்ள கார்பைடு இந்தக் கறுப்புக் கட்டிதான். 1917இல் அந்தக் கம்பெனியோடு, ஆக்சிஜன் விற்ற அமெரிக்க லிண்டே கம்பெனியும், அசிட்டிலீன் சிலிண்டர் விற்ற பிரெஸ்டோலைட் கம்பெனியும், எவரெடி பாட்டரி செய்த நேஷனல் கார்பன் கம்பெனியும் ஒன்றாகச் சேர்ந்தன. இந்தியாவில் எவரெடி பாட்டரியையும் டார்ச் லைட்டையும் பல காலம் விற்றது யூனியன் கார்பைடுதான். நெருப்பு டார்ச்சும் பாட்டரி டார்ச்சும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் :-)

ஆரம்பத்தில் அசிட்டிலீனை யாரும் வெல்டிங்குக்காக வாங்கவில்லை. விளக்குக்காகத்தான் வாங்கினார்கள். மின்சாரம் போகாத வீடுகள், சைக்கிள், மோட்டார் வண்டி, சுரங்கம், கலங்கரை விளக்கம் எல்லாவற்றிலும் கார்பைடு வெளிச்சம். ஆனால் இந்த வாயுவின் குணம் அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. சாதாரண வாயுவைப் போல அழுத்தித் திரவமாக்கிச் சிலிண்டரில் அடைத்தார்கள். வெடித்தது. 1896இல் பாரிஸிலும் பெர்லினிலும் திரவ அசிட்டிலீன் வெடித்து ஆட்கள் செத்தார்கள்.

காரணம் வாயுவுக்குள்ளேயே இருக்கிறது. அசிட்டிலீனில் இரண்டு கார்பன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. முறுக்கி வைத்த ஸ்பிரிங் போல அதற்குள் சக்தி அடைந்து கிடக்கிறது. எரிவதற்கு ஆக்சிஜன் கூட வேண்டாம், ஓர் அதிர்வோ பொறியோ போதும், தானே கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் உடைந்து வெடிக்கும். பெர்த்தெலோவும் வியேய் என்பவரும் 1896 வாக்கில் இதைச் சோதித்து, காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தாண்டினால் ஆபத்து என்று கண்டார்கள். இன்றும் டார்ச்சுக்குப் போகும் ரப்பர் குழாயில் அசிட்டிலீன் அழுத்தம் காற்றழுத்தத்துக்கு மேலே ஒரு மடங்கைத் தாண்டக் கூடாது என்று ரெகுலேட்டரில் சிவப்புக் கோடு போடுகிறார்களே, அது அந்தக் காலத்துப் பாடம்.

பிறகு எப்படி அதைச் சிலிண்டரில் அடைக்கிறார்கள்? சர்க்கரையைத் தண்ணீரில் கரைப்பது போலக் கரைத்துத்தான்! பிரான்ஸில் ஜார்ஜ் கிளாட், ஹெஸ் என்ற இருவர் 1896இல், அசிட்டோன் என்ற திரவத்தில் அசிட்டிலீன் ஏராளமாகக் கரைவதைக் கண்டார்கள். சாதாரண அழுத்தத்திலேயே ஒரு லிட்டர் அசிட்டோன் 25 லிட்டர் வாயுவை விழுங்கும். 12 மடங்கு அழுத்தத்தில் 300 லிட்டர். (இதே கிளாட்தான் பின்னால் நியான் விளக்கைக் கொண்டு வந்தவர்.) ஆனால் திரவத்துக்கு மேலே காலி இடம் இருந்தால் அங்கே வாயு சேர்ந்து வெடிக்கும். அதனால் சிலிண்டர் முழுக்க நுண்துளைகள் உள்ள கெட்டிப் பொருளை நிரப்பி, அது பஞ்சு போல அசிட்டோனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். உள்ளே காலி இடமே கிடையாது.

இந்த நிரப்புப் பொருளைச் சரியாகச் செய்து காட்டியவர் ஸ்வீடனின் குஸ்தாஃப் டாலன். ஆரம்ப காலப் பொருட்கள் வண்டிக் குலுக்கலில் பொடிந்து உட்கார்ந்துவிடும், மேலே வெற்றிடம் உண்டாகும், அப்புறம் வெடிதான். டாலனுடைய பொருள் குலுங்கினாலும் அசையவில்லை. கூடவே, பகலில் தானே அணைந்து இருட்டினால் தானே எரியும் சூரிய வால்வையும் 1907இல் செய்தார். ஆளில்லாத கலங்கரை விளக்கங்கள் பல மாதங்கள் எரிந்தன. 1912இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பரிசை வாங்க அவர் போகவில்லை. அதே வருடம் செப்டம்பரில், அசிட்டிலீன் சிலிண்டர்களின் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒன்று வெடித்து அவருடைய இரண்டு கண்களும் போய்விட்டன. பரிசை வாங்கியவர் அவருடைய அண்ணன் அல்பின். அவர் ஒரு கண் டாக்டர்! கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். டாலன் அதற்குப் பிறகும் 1937இல் இறக்கும்வரை தன் கம்பெனியைத் தானே நடத்தினார்.

சரி, வெல்டிங்குக்கு வருவோம். 1895இல் பிரான்ஸின் லெ ஷாத்தெலியே, அசிட்டிலீனைச் சம அளவு ஆக்சிஜனோடு எரித்தால் ஹைட்ரஜன் சுடரைவிட மிக அதிகச் சூடு வரும் என்று அறிவித்தார். (வேதியியல் பாடத்தில் சமநிலை விதிக்காக நாம் உருப்போட்ட அதே பெயர்.) இப்போதைய அளவீட்டில் அந்தச் சுடர் சுமார் 3100 டிகிரி. 1901 முதல் 1903 வரை எட்மண்ட் ஃபூஷே, ஷார்ல் பிக்கார் இருவரும் அதைக் கையில் பிடித்து வேலை செய்யும் டார்ச்சாக்கினார்கள். சரியாக அதே சமயத்தில், 1902இல், ஜெர்மனியில் கார்ல் லிண்டே திரவக் காற்றைக் காய்ச்சி வடித்து ஆக்சிஜனை மலிவாகப் பிரிக்கும் வழியைக் கொண்டு வந்தார். மலிவான கார்பைடு, வெடிக்காத சிலிண்டர், டார்ச், ஆக்சிஜன், நான்கும் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் வந்து சேர்ந்தன. வெளிச்சச் சந்தையை மின்விளக்கு பிடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அசிட்டிலீனுக்குப் புது வேலை கிடைத்தது.

ஆனால் சூடு மட்டும் காரணமில்லை என்பதுதான் முக்கியம். டார்ச் சுடரைப் பார்த்தால் நுனியில் பளீரென்று ஒரு சின்னக் கூம்பும், அதைச் சுற்றி மங்கலான நீலப் போர்வையும் தெரியும். வெல்டிங் நடப்பது அந்தச் சின்னக் கூம்பின் முனையில். ஒரு பங்கு அசிட்டிலீனுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு ஆக்சிஜன் கொடுத்தால், கூம்பில் அது பாதி மட்டுமே எரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகிறது. இந்த இரண்டும் ஆக்சிஜனுக்காக அலைகிறவை. உருகிய இரும்பைச் சுற்றி நின்று, காற்றில் இருந்து வரும் ஆக்சிஜனைத் தாங்களே வாங்கிக்கொண்டு எரிகின்றன, இரும்பு தப்பிக்கிறது. அதாவது, சுடரே காவலும் காக்கிறது.

புரொப்பேனுக்கு ஒரு பங்குக்கு நான்கு பங்குக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். அதன் வெப்பத்தில் பெரும்பகுதி வெளிப் போர்வையில்தான் கிடைக்கிறது. உள் கூம்பில் மட்டும் வெளிப்படும் வெப்பத்தைக் கணக்கிட்டால் ஒரு கன மீட்டர் அசிட்டிலீனுக்கு 19 மெகாஜூல், புரொப்பேனுக்குப் பத்துதான்! மொத்தத்தில் முன்னால் நின்ற புரொப்பேன், வேலை நடக்கும் இடத்தில் பின்னால் போய்விடுகிறது. ஆக்சிஜனைக் கூட்டிச் சூடேற்றினால் ஹைட்ரஜனுக்கு நேர்ந்த அதே கதை, எஃகு கருகி நுரைத்து, ஒட்டிய இடம் கையால் வளைத்தாலே விரியும். கேஸ் கட்டிங்குக்கும் வளைப்பதற்கும் புரொப்பேன் நன்றாகப் பயன்படுகிறது, அது வேறு விஷயம். அங்கே இரும்பு எரிவதுதான் நமக்கு வேண்டும்.

அசிட்டிலீன் வெல்டிங் எவ்வளவு நம்பகமானது என்பதை முதல் உலகப் போரில் பார்க்கலாம். மற்றவர்கள் மரச்சட்டத்தில் விமானம் கட்டியபோது, ஜெர்மனியில் ஃபோக்கர் கம்பெனி மெல்லிய எஃகுக் குழாய்களை கேஸ் வெல்டிங் செய்து உடற்கூடு கட்டியது. அங்கே இதில் கைதேர்ந்தவர் ரைன்ஹோல்ட் பிளாட்ஸ், படிப்பால் என்ஜினியர் அல்ல, தொழிலால் வெல்டர். 1918இல் வந்த ஃபோக்கர் டி.7 விமானம் எதிரிகளை எவ்வளவு உலுக்கியது என்றால், போர் நிறுத்த ஒப்பந்தத்திலேயே பெயர் சொல்லி அதை ஒப்படைக்கச் சொன்னார்கள். இந்தியாவுக்கும் இந்த ஜோடி வந்தது. 1935இல் கல்கத்தாவில் பதிவான ஒரு கம்பெனியின் பெயரே இந்தியன் ஆக்சிஜன் அண்ட் அசிட்டிலீன். இன்று அது லிண்டே இந்தியா.

புரொப்பேன் கொஞ்சம் தாமதமாக வந்தது. 1910 வாக்கில் அமெரிக்காவில் வால்ட்டர் ஸ்நெல்லிங் பெட்ரோலிலிருந்து ஆவியாகும் வாயுக்களைப் பிரித்துத் திரவமாக்கினார். இந்தியாவில் இண்டேன் அடுப்புக்கு வந்தது 1965இல். 1960களில் டவ் கெமிக்கல்ஸ் இரண்டுக்கும் நடுவில் மாப் என்றொரு வாயுவைக் கொண்டு வந்தது. அசிட்டிலீனின் மூன்று பிணைப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் புரொப்பேன் போலத் திரவமாக அடைக்கலாம். நல்ல யோசனைதான், என்றாலும் வெல்டிங்கில் அசிட்டிலீனை அசைக்க முடியவில்லை. 2008இல் வட அமெரிக்காவில் அதன் தயாரிப்பே நின்றது. இப்போது அதே மாதிரி மஞ்சள் குப்பியில் விற்பது பெரும்பாலும் புரொப்பிலீன்.

இவ்வளவும் படித்த பிறகு வீட்டு டார்ச்சுக்கு என்ன வாங்கலாம்? என் அபிப்பிராயம், வீட்டில் செய்யும் வேலையில் முக்கால்வாசிக்கு பிரேசிங் போதும், அதற்கு புரொப்பேன் போதும். சின்னப் பொருள் என்றால் ஆக்சிஜனே வேண்டாம், சுற்றிலும் நான்கு தீச்செங்கல் அடுக்கி வெப்பம் ஓடாமல் தடுத்தால் காற்றில் எரியும் சுடரிலேயே பித்தளை ஓடும். சைக்கிள் ஃபிரேம்களை ஒரு நூற்றாண்டாக பிரேசிங் செய்துதான் ஓட்டியிருக்கிறார்கள், உடைந்து விழவில்லை. தடித்த எஃகை உருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இன்றைக்குச் சின்ன இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் இருக்கிறது, நம் ஊர் கேட், கிரில் பட்டறைகளில் எல்லாம் அதுதான் ஓடுகிறது. அசிட்டிலீன் மெல்லிய தகடு, மெல்லிய குழாய் வெல்டிங் பழக விரும்புகிறவர்களுக்கு. அப்படி வாங்கினால், மெரூன் நிறத்தில் இருக்கும் அந்த சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது, அசிட்டோன் வெளியே வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கவும் கூடாது, அதற்கும் காரணம் அதேதான். செம்புக் குழாயில் அதைக் கொண்டு போகவே கூடாது, செம்போடு சேர்ந்து தொட்டால் வெடிக்கும் உப்பு ஒன்றை உண்டாக்கும்.

புரொப்பேன் சாது என்றும் நினைக்க வேண்டாம். காற்றில் 2 முதல் 9.5 சதவீதம் வரை கலந்தால்தான் எரியும், அசிட்டிலீனோ 2.5 சதவீதத்தில் தொடங்கி 80 சதவீதம் தாண்டியும் எரியும். அந்த வகையில் புரொப்பேன் பரவாயில்லை. ஆனால் அது காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து மூலையில் தேங்கி நிற்கும். பித்தளையை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் 907 டிகிரியில் கொதிக்கும் துத்தநாகம் வெள்ளைப் புகையாக வரும், மூச்சில் போனால் அன்றிரவே குளிர் காய்ச்சல் வரும். எனவே எந்த கேஸ் என்றாலும் வேலையை வாசலில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, வீட்டு அடுப்புக்கு மானியத்தில் வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை இதற்குத் திருப்புவது சட்டப்படி குற்றம். கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் தனியாகக் கிடைக்கிறது.